ஓரச்சு வடத்தில் மேற்பரப்பு விளைவு: ஸ்பைஸ் மாதிரிகள் - ஒரு திறனாய்வு

கோஆக்சியல் கேபிள் எனப்படும் ஓரச்சு வடத்தை ஸ்பைஸ் போன்ற மின்சுற்று நிரல்களில் சோதிக்கும் மாணவர்கள், அதன் மின்தடையை ஒரே மாறிலியாகக் கொடுத்துவிடுவதுண்டு. உயர் அதிர்வெண்ணில் இது சிறு தோராயம் அன்று. விடையையே மாற்றிவிடும் பிழை.

சிக்கல்

அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பை நோக்கி ஒதுங்குகிறது. இதுவே மேற்பரப்பு விளைவு. செம்பில் ஊடுருவல் ஆழம் 50 ஹெர்ட்ஸில் சுமார் 9.3 மில்லிமீட்டர்; 100 மெகாஹெர்ட்ஸில் 6.6 மைக்ரோமீட்டர். 0.81 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியின் நேர்மின்னோட்டத் தடை மீட்டருக்கு 0.033 ஓம். 100 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1 ஓம், அதாவது 30 மடங்கு.

இக்கம்பியை உட்கடத்தியாகக் கொண்ட 100 மீட்டர் நீள, 50 ஓம் வடத்தை எடுத்துக்கொள்வோம். உட்கடத்தியின் இழப்பை மட்டும் கணக்கிட்டால், மாறாத தடை தரும் விடை 0.3 டெசிபல், சரியான விடை சுமார் 9 டெசிபல். அனுப்பிய 1 வோல்ட் கணினித் திரையில் 0.97 வோல்ட், வடத்தின் மறுமுனையில் 0.36 வோல்ட்.

மாதிரிகளின் நிறை குறைகள்

*மாறாத தடை:* ஸ்பைஸ்3 நிரலின் இழப்புள்ள வட உறுப்பு இவ்வகையைச் சேர்ந்தது. எளியது, விரைவானது. ஆனால் ஒரே அதிர்வெண்ணுக்கு மட்டுமே பொருந்தும், துடிப்புகளுக்கு உதவாது.

*வர்க்கமூல வாய்பாடு:* எச்ஸ்பைஸின் டபிள்யூ உறுப்பு, நேர்மின்னோட்டத் தடையுடன் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கேற்ப வளரும் பகுதியைக் கூட்டுகிறது. உயர் அதிர்வெண்ணில் இது நன்று. இடைநிலையில் தவறுகிறது: மேற்கண்ட கம்பியின் தடை 100 கிலோஹெர்ட்ஸ் அளவில் உண்மையில் 1.26 மடங்கே உயர்கிறது. வாய்பாடோ 2 மடங்கு என்கிறது. இவ்வாய்பாட்டின் கற்பனைப் பகுதி கம்பியின் உள் மின்தூண்டலைக் குறிக்கிறது. தேவையற்றது என்று அதை நீக்கினால், காரணத்துக்கு முன்பே காரியம் தோன்றும் பொருளற்ற விடை கிடைக்கும்.

*ஏணிச் சுற்று:* கம்பியை ஒருமைய வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மின்தடையாலும் மின்தூண்டியாலும் குறிப்பது. சாதாரண உறுப்புகளே போதும். காரண காரிய ஒழுங்கும் கெடாது. குறை, அளவில் உள்ளது. ஒவ்வொரு துண்டும் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் இருக்க வேண்டுமெனில், 100 மெகாஹெர்ட்ஸில் மேற்சொன்ன வடத்துக்குச் சுமார் 500 துண்டுகள் தேவை.

மதிப்பீடு

கற்பதற்கு ஏணிச் சுற்றே சிறந்தது; இயற்பியல் அதில் கண்ணுக்குத் தெரிகிறது. எந்த மாதிரியானாலும் அதைச் சோதிக்க எளிய உரைகல் உண்டு. விகிங்டன், நாமன் இருவரும் 1957இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, மேற்பரப்பு விளைவு மட்டும் உள்ள வடத்தில் படித்துடிப்பு 50 விழுக்காட்டை எட்ட ஆகும் நேரத்தைப்போல் சுமார் 29 மடங்கு நேரம் 90 விழுக்காட்டை எட்ட ஆகும். நேரத்தைத் துடிப்பு வந்துசேரும் கணத்திலிருந்து அளக்க வேண்டும். வடத்தின் நீளத்தை இரட்டித்தால் இந்நேரங்கள் நான்கு மடங்காகும். திரையில் இந்த நீண்ட வால் தெரியவில்லையெனில், ஐயப்பட வேண்டியது மாதிரியைத்தான்.