வெண்கட்டியும் குரல்பதிவும்

"உங்க ஊர்ல இன்னும் சாக்பீஸ்தானே சார்?" திருச்சிக்குப் போயிருந்தபோது அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவர் கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை. ஆனாலும் இலங்கையின் வடமராட்சியில் இருபது வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்குச் சுருக்கென்றது. சாக்பீஸ் எங்களுக்கு வெண்கட்டி. அதை நாங்கள் கைவிடவில்லைத்தான். அதற்காகக் கைத்தொலைபேசியைத் தொடாதவர்களும் இல்லை.

அவர்களின் ஹைடெக் லேபில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். வரிசையாகக் கணினிகள் (நாங்கள் கணனி என்போம்), பிள்ளைகளின் காதில் ஹெட்போன். திரையில் படம் வர, உரிய ஆங்கிலச் சொல்லைத் தெரிவுசெய்கிறார்கள். 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் கோடு உண்டு. செல்போனைப் பிடித்தால் திக்‌ஷா தளத்தில் பாடம் விரிகிறது. நல்ல ஏற்பாடு. எங்கள் சனத்துக்குக் கியூஆர் பழகியது 2022 பொருளாதார நெருக்கடியில், பெற்றோல் வரிசையில். அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பிறகு எரிபொருளின்றிப் பள்ளிக்கூடங்களும் பூட்டு.

அப்போது வாட்ஸ்அப்தான் வகுப்பறை. இரவில் மூன்று சொல் அனுப்புவேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை சொந்தமாக ஒரு வசனம் கட்டி, தன் குரலில் பதிந்து அனுப்பவேண்டும். இன்றும் தரம் 9க்கு அதே முறைதான். போன் தாயுடையது, ரீலோட் (அங்கே ரீசார்ஜ்) முடிந்தால் பதிவு மறுநாள் வரும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. ஆனால் சொல்லை வாய்க்குக் கொண்டுவந்தது குரல்பதிவுதான். திருச்சியில் நான் இருந்த நேரத்தில் ஒரு பிள்ளையின் குரலும் கேட்கவில்லை. மற்ற நாட்களில் பேசவிடுவார்களாக இருக்கும்.

ஆங்கிலம் கற்பிக்கும் செயலிகள் தரும் தமிழ் பெரும்பாலும் இந்தியத் தமிழ். பிரின்சிபல் என்றால் 'முதல்வர்' என்று வரும். எங்கள் பிள்ளைக்கு முதல்வர் மாநகரசபைக்காரர். பள்ளிக்கூடத்தை நடத்துபவர் அதிபர். அங்கேயோ அதிபர் அமெரிக்காவில் இருப்பவர்! பப்பாளி எங்களுக்குப் பப்பாசி, பேனா எங்களுக்குப் பேனை. ஆகவே என் பிள்ளைகள் வளவில் நிற்கும் பப்பாசியைப் படமெடுத்து, தாங்களே சொல்லட்டை செய்கிறார்கள். அந்தச் சொல் பிறகு மறப்பதில்லை.

உச்சரிப்பிலும் எங்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது. அங்கே பேட்டரி, இங்கே பற்றறி. பல்முரசில் நாக்குத் தொடும் எங்கள் 'ற்ற', ஆங்கிலேயரின் ஒலிக்குக் கிட்ட நிற்பது. அதைத் திருத்தவேண்டிய கொச்சை என்று எவரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

புறப்படும் முன் அந்த ஆசிரியைக்கு ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினேன். கோழி கூவுகிறது, பிள்ளை தடுமாறுகிறாள், பின்னால் அம்மம்மா, "வடிவாச் சொல்லு பிள்ளை" என்கிறார். பிள்ளை திரும்பவும் சொல்கிறாள், இம்முறை சரி. ஆசிரியை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்.

"வடிவான்னா அழகாவா சார்?"

"அழகாகவும்தான், தெளிவாகவும்தான்" என்றேன்.