உட்பைன் வில்லி

பட்டாளத்துப் பாதிரியாருக்கு இலக்கியத்தில் நல்ல பெயர் கிடைப்பது அபூர்வம். ராபர்ட் கிரேவ்ஸ் 1929-இல் வெளியிட்ட சுயசரிதையில், முதல் மகாயுத்தத்தில் பணிசெய்த ஆங்கிலிக்கன் பாதிரிமார்களை ஒரு பிடி பிடித்திருக்கிறார். ஆபத்தில்லாத இடத்தில் நின்றுகொண்டு பிறருக்குத் தைரியம் போதித்தவர்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். கத்தோலிக்கக் குருமார்களோ சாகிறவனுக்குச் செய்யவேண்டிய சடங்கைச் செய்ய அவன் கிடந்த இடத்துக்கே போனார்கள் என்கிறார். கிரேவ்ஸ் எதையும் சற்றுக் காரம் சேர்த்தே சொல்லுகிறவர். இருந்தாலும் அதை வெறும் துவேஷம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

அதே 1929-ஆம் வருஷம், மார்ச் 8-ந் தேதி, லிவர்பூலில் ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியார் காலமானார். வயது 45. ஜெஃப்ரி ஸ்டட்டர்ட் கென்னடி என்று பெயர். ஆனால் சிப்பாய்களுக்கு அவர் 'உட்பைன் வில்லி'. உட்பைன் என்பது அந்த நாளில் ஏழைகள் குடித்த மலிவான சிகரெட். நம் ஊரில் ஒருவருக்குப் 'பீடிச் சாமியார்' என்று பெயர் வைத்தால் எப்படியிருக்கும், அப்படி.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லீட்ஸ் நகரத்தின் ஏழைப் பேட்டை ஒன்றில் பாதிரியாராக இருந்தவரின் பிள்ளை. பெரிய குடும்பம். டப்ளினில் படிப்பு. இளமையிலிருந்தே ஆஸ்த்மா. 1914-இல் உர்ஸ்டர் நகரத்தில் செயின்ட் பால் கோவிலுக்குப் பாதிரியாராக வந்தார். அங்கேயும் ஏழை ஜனங்கள்தான். கையில் இருப்பதைக் கேட்டவனுக்குக் கொடுத்துவிடும் சுபாவம். வீட்டுக் கட்டிலையே தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. இப்படிப்பட்டவருடைய மனைவியைப் பற்றி யாரும் ஒரு புஸ்தகம் எழுதவில்லையே என்று எனக்கு ஒரு குறை.

1915 கடைசியில் பிரான்ஸுக்குப் போனார். பட்டாளத்துப் பாதிரியாருக்குக் காப்டன் அந்தஸ்து உண்டு, சம்பளம் உண்டு, கையில் ஆயுதம் மட்டும் கிடையாது. ரூவான் ரயிலடியில், போர்முனைக்குக் கிளம்பும் ரயில்களின் பெட்டி பெட்டியாகப் போய், ஒரு பையிலிருந்து சிகரெட்டும் இன்னொரு பையிலிருந்து புதிய ஏற்பாடும் கொடுத்தார். பெயர் வந்தது இதனால்தான்.

இத்தோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல மனிதர், அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவரை வெறும் மகானாக்கிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். யுத்தம் ஆரம்பித்தபோது, உடம்பில் வலுவுள்ள ஒவ்வொருவனும் பட்டாளத்தில் சேரவேண்டும் என்று சொன்னவர் இவர். பிரான்ஸிலும் கொஞ்ச காலம் குத்துச்சண்டைக்காரர்கள், மல்லர்கள், பயனெட்டால் குத்துவதைக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் எல்லாரும் சேர்ந்த ஒரு கோஷ்டியோடு முகாம் முகாமாகச் சுற்றி, சிப்பாய்களுக்கு உற்சாகம் ஊட்டிப் பேசியிருக்கிறார். ஏசுநாதரின் ஊழியர் செய்யக்கூடிய வேலையா இது? கிரேவ்ஸின் குற்றச்சாட்டு இவர் மேலும் பாயத்தான் செய்கிறது.

1917 ஜூன் மாதம் மெஸீன் குன்றுச் சண்டை நடந்தது. பலத்த பீரங்கி வீச்சுக்கு நடுவே குழி குழியாகத் தேடி, நம்மவன், எதிரி என்று பார்க்காமல் காயம்பட்டவர்களைச் சிகிச்சை இடத்துக்குக் கொண்டுவரத் துணைபுரிந்தார் என்று அவருக்கு மிலிடரி கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். இது சர்க்காரின் வாசகம். ஜூன் 7-ந் தேதியைப் பற்றி அவரே வேறு விதமாக எழுதியிருக்கிறார். பயத்தில் பாதிப் பைத்தியமாய்த் தம் வரிசைகளை நோக்கி ஓடிவருகிறார். காலில் ஏதோ தடுக்குகிறது. பார்த்தால், வயிற்றில் காயத்தோடு செத்துக் கிடக்கும் ஒரு ஜெர்மன் பையன். சரியாகச் சோறு காணாத, வளராத உடம்பு. அந்த இடத்தில் அவர் கண்ணுக்குப் பையன் மறைந்து, சிலுவையில் தொங்குகிறவர் தெரிகிறார். அதற்குப் பிறகு எந்தப் போர்க்களத்தைப் பார்த்தாலும் அதே தோற்றம்தான் என்கிறார்.

பதக்கம் வாங்கியவர் தாம் பயந்து ஓடியதை அச்சில் போடவேண்டிய அவசியம் என்ன? யாரும் கேட்கவில்லை. தரிசனம் கண்டதாகச் சொல்லும் எந்த எழுத்தையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். இங்கே நம்பினேன். அந்தப் பயம் அந்தத் தரிசனத்துக்கு ஜாமீன் நிற்கிறது.

1918-இல் வந்த 'தி ஹார்டஸ்ட் பார்ட்' என்ற அவருடைய புஸ்தகத்தின் ஆரம்பமும் இப்படித்தான். பிரான்ஸுக்கு வந்த புதிதில், பீரங்கிச் சத்தம்கூடக் கேட்காத காலத்தில், ஆஸ்பத்திரியில் ஓர் அதிகாரியைப் பார்க்கிறார். கடவுள் எப்படிப்பட்டவர் என்று அவர் கேட்கிறார். இவர் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த சிலுவையைக் காட்டுகிறார். அதிகாரிக்குத் திருப்தியில்லை. ஏசு எப்படிப்பட்டவர் என்று கேட்கவில்லை; சர்வவல்லமையுள்ள கடவுளைப் பற்றித்தான் கேட்டேன் என்கிறார். இந்த ஏமாற்றத்துக்குப் பதில் தேடித்தான் புஸ்தகம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. சிம்மாசனத்தில் உட்கார்ந்து யுத்தத்தை நடத்திவைக்கும் கடவுள் எனக்கு வேண்டாம், மனிதனோடு சேர்ந்து அடிபடுகிற கடவுளைத்தான் நம்புவேன் என்று அவர் முடிவுக்கு வருகிறார். வேத சாஸ்திரிகள் இதற்கு என்ன சொல்வார்கள் என்பது என் விஷயமல்ல. நான் கதை எழுதுகிறவன். ஒரு கேள்வி ஒரு மனிதனைத் துரத்துவதை இவ்வளவு நேராக எழுதியவர்கள் குறைவு என்று மட்டும் சொல்லுவேன்.

கவிதைகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. ஜனங்களிடையே அவை ஏராளமாகப் பரவின என்பது வாஸ்தவம். பலவற்றைச் சிப்பாயின் கொச்சையிலேயே எழுதினார். 'தி ஸாரோ ஆஃப் காட்' என்ற நீண்ட பாட்டில் பேசுகிறவன் சிப்பாய், உச்சரிப்பும் சிப்பாயுடையதே. ஆனால் முடிவு நெருங்க நெருங்க, அங்கிக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவன் வாயை அசைக்கிறது. இது நமக்கும் தெரிந்த வியாதி. குடியானவன் பாஷையைக் காது கொடுத்துக் கேட்டுச் சரியாக எழுதிவிடுகிறோம். அவன் நினைப்பை மட்டும் நாமே நினைத்துக் கொடுத்துவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன்.

கொச்சையை விட்டுவிட்டு எழுதியதில் ஒரு சிறு பாட்டு எனக்குப் பிடிக்கும். 'இன்டிபரன்ஸ்' என்று தலைப்பு. ஏசு பர்மிங்காம் நகரத்துக்கு வருகிறார். அங்கே அவரை யாரும் அடிக்கவில்லை, ஆணி அறையவில்லை. தெருவில் மழையில் விட்டுவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போகிறார்கள். அவர் சுவரோரம் ஒடுங்கி, கல்வாரி மலையே தேவலை என்று அழுகிறார். பாட்டு அங்கே நின்றுவிடுகிறது. ஆறுதல் ஒன்றும் சேர்க்கவில்லை.

யுத்தத்துக்குப் பின் அவர் யுத்தத்தையே வெறுத்துப் பேசினார். 1922-இல் லண்டன் லம்பார்டு தெருக் கோவிலைக் கொடுத்தார்கள். பாங்கிகள் நிறைந்த தெரு. அவரோ தொழிலாளர்களுக்கான ஒரு கிறிஸ்தவச் சங்கத்துக்காக ஊர் ஊராகப் போய், வேலையில்லாதவர்களைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்த்மாக்காரர், சிகரெட்டையும் விடவில்லை. அப்படிப் பேசப் போன இடத்தில்தான் லிவர்பூலில் படுத்தார்.

உர்ஸ்டரில் அடக்கம் செய்தபோது ஜனங்கள் திரள் திரளாக வந்தார்கள். சவப்பெட்டியின்மேல் யாரோ ஒரு பாக்கெட் உட்பைனை வைத்ததாகச் சொல்லுகிறார்கள். அந்தப் பட்டப்பெயரைப் பற்றி அவரே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். கடவுளின் சமாதானத்தைக் கொடுக்கக் கடன்பட்டவர்களுக்கு ஒரு சிகரெட்டைக் கொடுத்துச் சமாளித்துவிட்டோமே என்ற கூச்சம் அதில் இருக்கிறது.