கல்லைக் கழுவுவதற்கு முன்

பொகவந்தலாவைப் பக்கத்து மாணிக்கக் குழிகளில், ‘இல்லம்’ எனப்படும் கல் சுமந்த சரளை மண்ணை வட்டிக் கூடையில் அள்ளித் தண்ணீரில் சுழற்றி, மண் போனபின் அடியில் தங்கும் கல்லைப் பொறுக்குவார்கள். மலையகத்தில் கல் சேர்க்கும் வீடுகளிலும் பெரும்பாலும் இந்தக் குழிப் பழக்கம்தான் நடக்கிறது. கல் கிடைத்ததும் வாளித் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ். கறை போகாவிட்டால் எலுமிச்சை. அதற்கும் அசையாவிட்டால் கழிப்பறை கழுவும் அமிலம்.

இதை அடியோடு தவறென்று தள்ள முடியாது. இல்லத்தில் கிடக்கும் நீலக்கல், ஸ்பினல், கார்னெட் எல்லாம் ஆறு உருட்டி உருட்டி, மெலிந்ததைப் பொடியாக்கிவிட்டு மிச்சம் வைத்தவை. நீலக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 9. வெடிப்பில்லாத கல்லுக்குச் சோப்புத் தண்ணீரும் பிரஷும் ஒரு பொருட்டே அல்ல.

சிக்கல் ஆற்றுக்குள் இறங்காத கல்லில்தான். வீதிக்காக வெட்டிய மேட்டிலும் மண்சரிவிலும் கிடைப்பது தாய்ப்பாறையோடு ஒட்டிய கல். (தோண்டுவதென்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும், இங்கே பேசுவது கைக்கு வந்த கல்லைப் பற்றி.) வெள்ளைச் சுண்ணாம்புப் பளிங்கில் பதிந்த நீல அபடைட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமிலம் பட்டதும் பளிங்கு நுரைத்துக் கரையும். படிகம் மேலே எழுந்து நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் அபடைட்டும் கூடவே அரிபட்டு முகம் மங்கும். ஓரத்து மைக்காத் தகடுகள் பிடி இழந்து உதிரும். எலுமிச்சையும் இதையே மெதுவாகச் செய்யும். குவார்ட்ஸின் இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் நன்றாகவே வேலை செய்கிறது. அதுவே பளிங்கிலுள்ள கல்சைட்டில் பட்டால் எளிதில் கரையாத வெள்ளைப் படலம் படிந்துவிடும். இந்த அமிலம் நஞ்சும்கூட. சமையலும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் தோட்ட லயத்துக் காம்பராவில், பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் அதைப் போத்தலில் வைப்பதை என்னால் எந்தக் கல்லுக்காகவும் ஏற்க முடியவில்லை.

இழப்பு அழகோடு நிற்பதில்லை; கல் பிறந்த கதையும் போய்விடும். கலை வரலாற்று அறிஞராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன் இலங்கையின் கனிமவியல் அளவைக்கு முதல் இயக்குநராக இருந்தவர். கண்டி மாவட்டத்துக் கங்காபிட்டியவில் கிடைத்த நீலக் கனிமம் ஒன்றை அவரும் ஜி. டி. பிரையரும் 1903இல் செரண்டிபைட் என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தார்கள். சுண்ணாம்புப் பாறையும் கிரானுலைட்டும் முட்டிக்கொள்ளும் விளிம்பில் விளைந்த கனிமம் அது. நீலத்தை மட்டும் அமிலத்தில் பிரித்தெடுத்திருந்தால், அது விளைந்த விதத்துக்கு அந்தத் துண்டில் சான்று மிஞ்சியிராது. உதிரிக் கல் நகைக்காரருக்குப் போதும், சேகரிப்பவருக்குப் போதாது.

அதற்காகக் கையே வைக்கக்கூடாது என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. நுவரெலியாவின் ஈரத்தில் அந்த அறிவுரை பொருந்தாது. காரீயத்தோடு (கிராஃபைட்டோடு) வரும் பைரைட்டை ஈரக் களிமண்ணோடு வைத்தால், காற்றும் ஈரமும் சேர்ந்து அதைச் சிதைக்கும். கசியும் கந்தக அமிலம் பெட்டியையும் எழுதிய சீட்டையும் தின்னும். கல்லில் படியும் விறகுப் புகையின் கரியோ எண்ணெய்ப் பசை கொண்டது, நாளானால் இறுகிவிடும்.

எனவே கேள்வி எந்தக் கல்லுக்கு எது என்பதுதான். இடுக்கில் செம்மண் ஏறிய மைக்காவைத் தண்ணீரில் போட்டால் களிமண் ஊறித் தகடுகளைப் பிரித்துவிடக்கூடும். அதை நிழலில் காயவிட்டு, ரப்பர் குமிழால் காற்றடித்து, விளக்குமாற்று ஈர்க்கின் நுனியைப் பக்கவாட்டில் விட்டு, தகடு ஓடும் திசையிலேயே மண்ணை இழுக்க வேண்டும். ஈர்க்கு பளிங்கைக் கீறாது என்பதால் கல்சைட்டுக்கும் அதுவே நல்லது. தையல் ஊசி கீறிவிடும். சந்திரகாந்தக்கல் இரண்டு திசைகளில் இலகுவாகப் பிளக்கும்; ஜனவரி விடியலில் சில்லிட்டுக் கிடக்கும் அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றுவது உடைப்பதற்குச் சமம். ஊற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் காய்ந்தபின் புதிய மஞ்சள் கறை தெரியும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

அமிலத்துக்கு அடுத்த கேடு, இரண்டு இடத்துக் கற்களை ஒரே பேசினில் கொட்டுவது. எந்தத் தோட்டம், எந்த மேடு என்று முதலில் எழுதிக் கல்லோடு வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். பின்பக்கத்து இரும்புக் கறையை நான் அப்படியே விட்டுவிடுவேன். கல் எந்த மண்ணில் கிடந்தது என்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.