கொலையும் ஆராய்ச்சியும்: பொன்னியின் செல்வனைத் துப்பறியும் புதினமாக நோக்கல்

வரலாற்றுப் புதினமும் துப்பறியும் கதையும் தம்முள் தொடர்பில்லாத இருவேறு வகைகள் என்று கருதுவது நம்மிடையே உள்ள வழக்கம். முன்னது பெருமிதம் உடையது, பின்னது பொழுதுபோக்கிற்கு மட்டுமே உரியது என்று தரம் பிரிப்பாரும் உளர். ஆயின், கடந்த காலத்துக் கொலையொன்றை நடுவாகக் கொண்டு, அதனை ஆராயும் பொறுப்பை அரசின் அதிகாரம் பெறாத ஒருவனிடம் ஒப்படைத்து, காதலையும் உடன் இழையவிட்டுக் கதை நடத்துவது உலக இலக்கியத்தில் இன்று தனியொரு வகையாக வளர்ந்துள்ளது. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இவ்வகையோடு எத்துணை ஒன்றுகிறது, எங்கே வேறுபடுகிறது, அவ்வேறுபாட்டின் பயன் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வகையின் இயல்பு

எடித் பார்ஜெட்டர் என்பார் எல்லிஸ் பீட்டர்ஸ் என்னும் புனைபெயரில் 1977 முதல் 1994 வரை எழுதிய இருபது புதினங்கள் இவ்வகைக்குச் சிறந்த சான்றாவன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அல்லலுற்ற காலமே அவற்றின் பின்னணி. ஷ்ரூஸ்பரி மடத்தில் மூலிகைத் தோட்டம் பேணும் கேட்ஃபேல் என்னும் துறவியே அங்குத் துப்பறிபவர். சிலுவைப்போர் கண்டு மீண்டவராதலின் அவர் உலகியலையும் அறிவார். இக்கதைகளிற் பலவற்றில் காதலர் இருவருள் ஒருவர்மீது பழி விழுகிறது. துறவி உண்மையை வெளிக்கொணர்ந்து அவரை மீட்கிறார். காதல் ஓரிடத்தும் ஆராய்ச்சி வேறோரிடத்தும் நிற்றலால் துப்பறிபவரின் நடுநிலை கெடுவதில்லை. இவ்வமைப்பை மனத்திற்கொண்டு பொன்னியின் செல்வனுக்குள் புகுவோம்.

2. கல்லின் சொல்லும் மௌனமும்

பொன்னியின் செல்வனின் நடுவண் நிற்கும் கொலை கற்பனையன்று. சுந்தர சோழனின் மூத்த மகனாகிய ஆதித்த கரிகாலன் 969ஆம் ஆண்டளவில் கொல்லப்பட்டான். காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியின் அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு இதற்குச் சான்று. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினதாகக் கொள்ளப்படும் அக்கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழப் பிரமாதிராசன் முதலியோரைச் சுட்டுகிறது. அவர்தம் உடைமைகளும் உறவினர் உடைமைகளும் பறிமுதலான செய்தியை அது பேசுகிறது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கல்வெட்டு நிலத்தைப் பற்றிய ஆவணமேயன்றி வழக்கு விசாரணையின் பதிவன்று. கொலையின் காரணம் யாது, தூண்டியவர் எவரேனும் உளரோ என்பன அதில் இல்லை. கொலைக்கும் இவ்வாணைக்கும் இடையே ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்துள்ளன. இடைப்பட்ட காலத்தில் அரியணையில் இருந்தவன் உத்தம சோழன். ஆகவே நீலகண்ட சாத்திரியார் 1935இல் வெளியிட்ட தம் சோழர் வரலாற்று நூலில் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் தம் 'பிற்காலச் சோழர் சரித்திரத்தில்' அதனை மறுத்தார். உத்தமன் மகனாகிய மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயிற்பணிகளை மேற்பார்க்கும் பொறுப்பில் இருந்தமையும் இங்கு எண்ணத்தகும். தமையனைக் கொல்வித்தவனின் மகனுக்கு இராசராசன் அத்தகைய பொறுப்பினை அளித்திருப்பானோ என்னும் வினா எழுகின்றதன்றோ?

3. தூதன் துப்பறிதல்

புதினம் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அவ்வேரி அமைந்த வீரநாராயணச் சதுர்வேதிமங்கலமே உடையார்குடிக் கல்வெட்டுக்குரிய ஊர். பிற்காலத்தில் தண்டனை கல்லிற் பொறிக்கப்பட இருக்கும் ஊர்ப்புறத்திலேயே, கொலைக்கு முன்னரே, கதைத்தலைவன் குதிரையில் வந்து நிற்கிறான். வரலாறறிந்த படிப்பாளர்க்கு இத்தொடக்கம் ஆழ்ந்த பொருள் தருவதாகும்.

வந்தியத்தேவன் கரிகாலனின் ஓலைகளைச் சுமந்து வரும் தூதன். ஆராய்தல் அவன் தொழிலன்று. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்கூட்டத்தைக் காண நேர்வதும், மூடுபல்லக்கின் மறைபொருளை அறிவதும் தற்செயலும் ஆர்வமும் கூட்டுவித்தவை. அவனுக்கு மாறாக, முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயரின் ஒற்றனாகிய ஆழ்வார்க்கடியான் தொழில்முறை அறிந்தவன். தொழிலால் ஆராய்பவன், ஆர்வத்தால் ஆராய்பவன் என்னும் இவ்விருவரின் இணை இவ்வகைக் கதைகளுக்கே உரிய ஒன்று. எனினும் பெரும்பாலான துப்பறியும் கதைகளில் கொலைக்குப் பின்னரே ஆராய்ச்சி தொடங்கும்; இங்கோ கொலைக்கு முன்னரே ஆராய்ச்சி நெடிது நடந்துவிடுகிறது. இருவரும் அறிந்தவை பல. தடுக்க முடிந்ததோ ஒன்றுமில்லை. அதிகாரமில்லாத அறிவின் ஆற்றாமையைப் புதினம் இவ்வாறு உணர்த்துகிறது.

4. காதலும் குற்ற ஏற்பும்

கொலை விளக்கணைந்த இருளில் நிகழ்கிறது. அதே அறையில் மறைந்திருந்த வந்தியத்தேவன் அதனைக் காணவில்லை. எரியும் மாளிகையினின்று கரிகாலனின் உடலைச் சுமந்து வந்த அவன்மீதே பழி விழுகிறது. ஆராய வேண்டியவன் சிறைப்படுகிறான். கேட்ஃபேல் கதைகளில் துப்பறிபவர், காதலர், பழிசுமந்தவர் என மூவரிடம் பகிர்ந்து நிற்கும் நிலைகள் இங்கு ஒருவனிடமே வந்து கூடுகின்றன.

காதல் இங்கே சுவைக்காகச் சேர்த்த உறுப்பன்று. சாட்சியத்தைக் குலைக்கும் ஆற்றலுமாகும். வந்தியத்தேவனைக் காக்கும் பொருட்டு மணிமேகலை கொலையைத் தானே செய்ததாகக் கூறுகிறாள். பெரிய பழுவேட்டரையரோ நந்தினியை நோக்கித் தாம் எறிந்த கத்தியே கரிகாலன்மீது பாய்ந்தது என்கிறார். அன்பினாற் பிறந்த கூற்றும், மானத்தினாற் பிறந்த கூற்றும் எதிர் நிற்கும்போது உண்மை எதுவென்று துணிதல் எளிதன்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. இராசராசனின் தமக்கையாகிய குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் தெளிவாகக் கூறுகின்றன. எனவே, வரலாறறிந்தார்க்குக் காதலின் முடிவு முன்னரே தெரிந்தது; வந்தியத்தேவன் கொலைக்களம் புகான் என்பதும் தெரிந்தது. 'பிழைப்பானோ?' என்னும் அச்சம் நீங்கவே, 'உண்மை வெளிப்படுமோ?' என்னும் வினாவே எஞ்சுகிறது.

5. விடுவித்தல் என்னும் தீர்ப்பு

அவ்வினாவிற்கு ஆசிரியர் ஐயந்திரிபற்ற விடை தரவில்லை. இதனைக் குறையென்பார் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. ஐந்து பாகங்கள் விரிந்த கதையில் கொலைக்குப் பிந்தைய ஆராய்ச்சி சுருங்கியே நடக்கிறது. வந்தியத்தேவனின் அறிவால் அன்றிப் பிறரின் ஒப்புதலால் அவன் விடுதலை பெறுகிறான். துப்பறியும் கதையின் இலக்கணப்படி இது வழுவே.

ஆயினும் ஆசிரியர் உறுதியாக ஒன்றைச் செய்துள்ளார். மதுராந்தகனை அவர் இருவராகப் பகுத்துவிட்டார். அரியணை வேட்கை கொண்ட மதுராந்தகன் ஒருவன்; செம்பியன் மாதேவியின் உண்மை மகனாகிய சேந்தன் அமுதன் மற்றொருவன். வரலாற்றாசிரியர் உத்தம சோழன்மீது வைத்த ஐயமெல்லாம் முன்னவனைச் சாரப் பின்னவன் தூயனாய் முடிசூடுகிறான். கொன்றவன் யார் என்று அறுதியிடாத புதினம், கொல்லாதவர் யாவர் என்று தெளிவாகவே கூறுகிறது.

பொன்னியின் செல்வன் தொடராக வந்துகொண்டிருந்த 1951இல் ஜோசபின் டே எழுதிய 'காலத்தின் மகள்' வெளிவந்தது. காலொடிந்து மருத்துவமனையில் கிடக்கும் காவல்துறை அலுவலர் ஒருவர், மூன்றாம் ரிச்சர்டு தன் அண்ணன் மக்களைக் கொன்றான் என்னும் நெடும்பழியை நூல்களின் துணைகொண்டு ஆராய்ந்து அவனை விடுவிக்கிறார். ஆனால், அப்பழியை ஏழாம் ஹென்றிமீது ஏற்றியே அவ்விடுதலையைப் பெறுகிறார். கல்கியோ உத்தமனை விடுவிப்பதற்கு வரலாற்று மாந்தர் வேறெவரையும் புதிதாகக் குற்றவாளியாக்கவில்லை. இதுவே இரண்டிற்கும் உள்ள தலையாய வேறுபாடு.

தமிழ் மரபிற்கு இந்நோக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்து நிலைநாட்டியது கோவலன் கள்வனல்லன் என்பதையே. கள்வன் பொற்கொல்லன் என்பதை நிறுவுவது அவள் வழக்காக அமையவில்லை. ஆராயாது வழங்கிய தண்டனையே அரசனின் உயிரைக் கவர்ந்தது.

முடிவுரை

குற்றவாளியைக் காட்டுதலே துப்பறிதலின் பயன் என்பது பொதுவழக்கு. குற்றமிலாதான்மேற் பழி படியாது காத்தலும் அதன் பயனே என்பதைப் பொன்னியின் செல்வன் காட்டுகிறது. இலக்கியம் என்ற அளவில் இது சிறப்பு. ஆயின் ஆராய்ச்சி மாணவர் ஒன்றை மறத்தலாகாது. மதுராந்தகன் இருவரானது கலைஞனின் புனைவு. அப்புனைவால் உத்தமன் தூயன் என்பது வரலாற்றில் நிறுவப்பட்டதாகாது. அவ்வாறே, கல்வெட்டுக் கூறாத குற்றத்தை அவன்மேல் ஏற்றுவதும் ஆராய்ச்சியாகாது. கல் பேசுமிடத்துக் கேட்டலும், அது பேசாதவிடத்துத் தீர்ப்பு வழங்காதிருத்தலும் புதினத்தைக் கற்பார்க்கும் வரலாற்றைக் கற்பார்க்கும் ஒருங்கே வேண்டிய ஒழுக்கமாகும்.