நார்த்விண்டில் காணாமல் போகும் இரண்டு பேர்

டேட்டாபேஸ் படித்தவர்களில் பலருக்கு நார்த்விண்டைத் தெரிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸோடு வந்த மாதிரித் தரவுத்தளம். உணவுப்பொருள் விற்கும் ஒரு கற்பனைக் கம்பெனியின் கணக்கு வழக்கு. வாடிக்கையாளர், ஆர்டர், ஆர்டர் விவரம், பொருள், ஊழியர் என்று தனித்தனி டேபிள்கள். இரண்டு டேபிளைச் சேர்த்து வலைப்பக்கத்தில் காட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் எத்தனையோ பாடங்கள் இதை வைத்து எழுதப்பட்டவை. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். போன வாரம் பழைய பதிப்பைத் திறந்து, ஒரு நாவலை வாசிக்கிற மாதிரி வரிவரியாக வாசித்தேன். சிரிக்காதீங்க, வாசிக்கத் தகுந்ததுதான்.

அதில் 91 வாடிக்கையாளர்கள், 830 ஆர்டர்கள். வழக்கமான பாடம் என்ன செய்யும்? வாடிக்கையாளரையும் ஆர்டரையும் இன்னர் ஜாயின் போட்டு, பெயரையும் தேதியையும் ஒரு கட்டத்தில் காட்டும். 830 வரி வரும், பக்கம் அழகாக இருக்கும், பாடம் முடிந்தது. அந்தப் பக்கத்தில் எத்தனை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: 89. மாட்ரிட்டின் ஃபிஸ்ஸாவும், பாரிஸில் இருக்கும் இன்னொரு கம்பெனியும் இல்லை. இருவரும் ஒரு ஆர்டர்கூடக் கொடுத்ததில்லை. பிழைச்செய்தி எதுவும் வராது.

நார்த்விண்டின் மிக நல்ல வரிகள் அந்த இரண்டுதான் என்பது என் கட்சி. ஆனால் அதை வைத்துப் பாடம் எழுதுகிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்கள் கூட்டமாக எச்சரிப்பது வேறொன்றை: 830 ஆர்டரைக் காட்டும்போது ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனியாகக் கேட்டால் 831 வினவல்கள் ஓடும், பக்கம் மெதுவாகும் என்று. உண்மைதான். ஆனால் மெதுவான பக்கத்தைப் பற்றிப் பயனரே புகார் சொல்லிவிடுவார். வராத வரியைப் பற்றி யார் சொல்வது?

எனக்குச் சொன்னது ஒரு மாணவியின் அப்பா. கல்வி உதவித்தொகை தரும் ஒரு சிறு அறக்கட்டளைக்கு நான் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். மாணவர் டேபிள் ஒன்று, வங்கிக் கணக்கு டேபிள் ஒன்று, நடுவில் பழக்கதோஷத்தில் இன்னர் ஜாயின். கணக்கு எண் இன்னும் தராத 4 பிள்ளைகள் பட்டியலிலேயே இல்லை. அலுவலகத்தில் யாரை முதலில் கூப்பிட்டு "கணக்கு ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்க வேண்டுமோ, அவர்களைத்தான் என் பக்கம் மறைத்திருந்தது. "எம் பொண்ணு பேரே இல்லைன்னு சொல்றாங்க சார்" என்று அவர் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

சரி, லெஃப்ட் ஜாயின் போட்டால் போதுமா? நார்த்விண்டில் போட்டால் 832 வரி வரும். அந்த இருவரும் காலிக் கட்டங்களோடு வந்துவிடுவார்கள். அதன்பின் 1997ஆம் ஆண்டு ஆர்டர்கள் மட்டும் வேண்டும் என்று வேர் பகுதியில் நிபந்தனை சேர்த்துப் பாருங்கள், மறுபடியும் காணோம். காலியான தேதி எந்த ஆண்டோடும் பொருந்தாதே. அந்த நிபந்தனை ஜாயினின் ஆன் பகுதியில் இருக்க வேண்டும். எண்ணிக்கையிலும் ஒரு பள்ளம் உண்டு: வரிகளை எண்ணினால் ஃபிஸ்ஸாவுக்கு 1 ஆர்டர் என்று வரும். ஆர்டர் எண்ணை எண்ணினால்தான் 0.

குறைவது போலவே கூடவும் செய்யும். 10248 என்ற ஆர்டருக்கு அனுப்பும் செலவு 32.38. அதில் மூன்று பொருள்கள். ஆர்டர் விவரத்தோடு ஜாயின் போட்டுச் செலவைக் கூட்டினால் 97.14 என்று காட்டும். இல்லாத பணம்!

நார்த்விண்டைக் குறை சொல்லும் சிலர், ஆர்டர் விவரத்திலும் விலை இருக்கிறது, பொருள் டேபிளிலும் விலை இருக்கிறது, இரட்டிப்பு என்பார்கள். அங்கே நான் நார்த்விண்ட் பக்கம். அதே 10248இல் கெஸோ காப்ராலெஸ் என்ற பாலாடைக்கட்டி 14க்கு விற்றிருக்கிறது. பொருள் டேபிளில் அதன் விலை 21. பழைய ரசீதைத் திரையில் காட்டும்போது பொருள் டேபிளிலிருந்து விலையை எடுத்தால், வாடிக்கையாளர் கொடுக்காத காசைக் கொடுத்ததாகச் சொல்கிறோம். விற்ற அன்றைய விலை வேறு தகவல், இன்றைய விலை வேறு தகவல்.

ஊழியர் டேபிள் இன்னும் வேடிக்கை. 9 பேர், ஒவ்வொருவரும் யாருக்குக் கீழ் என்று அதே டேபிளைக் காட்டும் ஒரு களம். டேபிளை அதனோடேயே இன்னர் ஜாயின் போட்டு ஊழியர், மேலாளர் என்று இரண்டு பத்தியில் காட்டினால் ஊழியர் பத்தியில் 8 பேர்தான். காணாமல் போனவர் ஆண்ட்ரூ ஃபுல்லர், விற்பனைத் துணைத்தலைவர். அவருக்கு மேலே யாரும் இல்லை.

அறக்கட்டளையின் பக்கத்தில் இப்போது பட்டியலுக்கு மேலே இரண்டு எண்கள் இருக்கும்: பதிவான மாணவர்கள் எத்தனை, கீழே தெரிகிறவர்கள் எத்தனை. அவை ஒத்துப்போகாத நாளில் அங்கே வேலை பார்க்கும் அம்மா எனக்கு ஃபோன் போட்டுவிடுகிறார்.