கடைசிப் பந்தியில் மரியாதை

கடமலைக்குண்டில் ஒரு காதுகுத்து. பி.காம். படித்த பாவத்துக்கு மொய் நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. ஸ்பீக்கரில் 'முதல் மரியாதை' பாட்டு ஓடியதும் பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்.

"ஏப்பா, பத்திரிகைக்காரன்தானே நீ? இந்தப் படத்துக்கு சிவாஜிக்கு என்ன அவார்டு குடுத்தாக?"

"தேசிய விருது எதுவும் குடுக்கலீங்கய்யா."

"மொய் எழுத மறந்துட்டாக போல!"

சிரித்துவிட்டேன். ஆனால், கணக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா? நீங்களும் வாருங்கள், நோட்டைப் புரட்டலாம்.

1960-ல் கெய்ரோவில் ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழா. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக சிறந்த நடிகர் விருது. வசனத்துக்காகவே நாம் கொண்டாடும் படம், தமிழ் புழங்காத ஊரில் பரிசு வாங்கியது! 1966-ல் பத்மஸ்ரீ, 1984-ல் பத்மபூஷண், 1995-ல் பிரான்ஸின் செவாலியே, 1996-ம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே. சிறந்த நடிகருக்கான தேசிய விருது? பூஜ்யம்.

உடனே டெல்லியைத் திட்டக் கிளம்பாதீர்கள். அந்த விருதே 1967-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் ஆரம்பம். 'பராசக்தி', 'பாசமலர்' எல்லாம் அந்தக் கணக்கிலேயே வராது. தமிழன் என்பதால் ஒதுக்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. கடமலைக்குண்டு அடங்கிய ஆண்டிபட்டித் தொகுதி 1984-ல் ஜெயிக்க வைத்த எம்.ஜி.ஆருக்கு, 1971-ம் ஆண்டுக்கே 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காகக் கொடுத்துவிட்டார்கள்.

இடிக்கிற இடம் 1985. அந்த வருஷம் சிறந்த தமிழ்ப் படம், 'முதல் மரியாதை'. இயக்கிய பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். பாட்டுக்கு விருது வாங்கிய வைரமுத்து வடுகபட்டிக்காரர். இரண்டுமே தேனிச் சீமை. சிறந்த நடிகர் விருது மட்டும், 'நியூ டெல்லி டைம்ஸ்' என்ற இந்திப் படத்தில் பத்திரிகை ஆசிரியராக வந்த சசி கபூருக்குப் போனது. அவர் நல்ல நடிகர், நல்ல வேஷம். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால், இளவட்டக்கல்லைத் தூக்குகிற அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெரிய மனுஷன், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் தன் முதுமையோடு மல்லுக்கு நிற்கிறார். கட்டபொம்மனாகக் கர்ஜித்த அதே ஆள், இங்கே மூச்சு வாங்குவதை வைத்தே கதை சொல்கிறார். 'சிவாஜின்னாலே ஓவர் ஆக்டிங்' என்று இன்றைக்கும் சொல்பவர்களுக்கு அந்த ஒரு காட்சி போதும். அதற்குத்தான் நோட்டில் வரி இல்லை. 'தேவர் மகன்' பெரிய தேவருக்கு அறிவித்ததும், நடுவர் குழுவின் சிறப்பு விருதுதான்.

பால்கே கொடுத்தார்களே என்பீர்கள். பால்கே வாழ்நாளுக்கான விருது. கணக்கு பாஷையில், விவரம் போடாத மொத்தத் தொகை. எந்தப் படத்தில், எந்தக் காட்சியில், என்ன செய்தார் என்று அது சொல்லாது. வயசுக்குச் செய்கிற மரியாதை வேறு, வேலைக்குச் செய்கிற மரியாதை வேறு.

நாம் மட்டும் ஒழுங்கா? 'நடிகர் திலகம்' என்று ஒரே வரியில் மொத்தமாக எழுதி, நோட்டை மூடிவிட்டோம். ஒவ்வொரு படமாக எடுத்துவைத்து 'இங்கே ஜெயித்தார், இங்கே கோட்டைவிட்டார்' என்று எத்தனை பேர் பேசினோம்? நாமே விவரம் எழுதாதபோது, டெல்லிக்காரர் எழுதவில்லை என்று கோபப்படுவது என்ன நியாயம்?

காதுகுத்து முடிந்து கிளம்பும்போது பெரியவரிடம், "படத்துல உங்களுக்குப் பிடிச்ச இடம் எதுங்கய்யா?" என்று கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"கல்லைத் தூக்கிட்டு சுத்திமுத்தி பாப்பாரு பாரு... அதான்!"

மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிவைத்தேன்.