இஸ்தோப்பிலிருந்து கண்டி

கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் லண்டனில் வெளியிட்ட நூலில், வீடுகளைப் பற்றி ஒரு சிறு பகுதி வருகிறது. குடிமக்கள் ஒரு தளத்துக்கு மேல் எழுப்பக்கூடாது. கூரைக்கு ஓடு வேயக்கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசக்கூடாது. வெள்ளைச் சுவர் வேண்டுமென்று ஆசைப்பட்டால் வெண்களிமண்ணைக் குழைத்துப் பூசிக்கொள்ளலாம். கண்டியின் வீடுகளைப் பற்றி எதைப் படித்தாலும் என் மனம் இந்த வரிகளுக்கே திரும்புகிறது. தெருவில் போகிறவர் ஒரு கூரையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் கீழ் இருப்பவர் யாரென்று அறிந்துகொள்ளும்படி அரசு ஏற்பாடு செய்திருந்தது. வீட்டின் முகம் அரசனுக்கு, அடுப்படி குடியானவனுக்கு. வீட்டை ஒரு பாடமாகவும் பொதுவெளியை இன்னொரு பாடமாகவும் பிரித்துப் படித்துவிட்டு வரும் கட்டடக்கலை மாணவர், இந்த ஊரில் அந்தப் பிரிவினையை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.

கண்டியைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு, புத்தரின் பல்லைக் காக்கும் தலதா மாளிகையையும் அரண்மனை வளாகத்தையும் சுற்றியே எழுந்தது. அவற்றுள் நான் முதலில் வைப்பது ஜேம்ஸ் டங்கன் 1990 இல் வெளியிட்ட, நகரத்தை ஒரு பிரதியாக வாசிக்கும் நூலை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயல்வெளியை மறித்து ஏரி கட்டினான். அதற்குக் கிரி முகுத, பாற்கடல், என்று பெயர். மாளிகையின் முன்னால் மேகங்களைக் குறிக்கும் அலைமதில் எழுந்தது. முகப்பில் எண்கோண வடிவில் பத்திரிப்புவ அமைந்தது. மண்ணில் ஓர் இந்திரபுரியைக் கட்டுவதே அரசனின் எண்ணம் என்கிறார் டங்கன். ஆனால், ராஜகாரியம் என்னும் கட்டாய அரச ஊழியத்துக்கு இழுத்துவரப்பட்டு மண் சுமந்த குடிகளும், அரசன்மேல் ஏற்கனவே மனக்கசப்பில் இருந்த பிரதானிகளும் அதே நகரத்தை வேறு விதமாக வாசித்தார்கள். நல்ல அரசன் குளம் வெட்டினால் வயலுக்கு நீர் போகும். இந்தக் குளமோ வயலை விழுங்கிவிட்டது. 1815 மார்ச் 2 அன்று அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில் வாசிக்கப்பட்ட, கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த உடன்படிக்கைக்கு முன்கதையாக இந்தக் கசப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். பொதுவெளியை அழகாகக் கட்டிவிட்டால் மக்கள் தாமாக வந்து சேருவார்கள் என்று நம்பும் இளம் வடிவமைப்பாளருக்கு இதைவிடக் கூர்மையான பாடம் ஏது?

தமிழ் வாசகர் இங்கே கவனிக்க வேண்டிய இழை ஒன்று உண்டு. ஏரியோடும் பத்திரிப்புவவோடும் சேர்த்துச் சொல்லப்படும் சிற்பியின் பெயர் தேவேந்திர மூலாச்சாரி. நகருக்கு மேற்கே, 1344 இல் எழுந்த கடலாதெனிய விகாரையின் கல்வெட்டு சொல்லும் தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி. அந்தக் கல் விகாரையின் முகத்தில் தென்னிந்தியக் கோயில் வேலை அப்படியே தெரிகிறது. தென்னிந்திய வழிவந்த கண்டி நாயக்க மன்னர்களின் உறவினர் குடியிருந்த தெருவை இன்றும் மலபார் வீதி என்றே அழைக்கிறார்கள். கண்டிப் பாணி என்று ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பெயர்களே போதிய பதில்.

மாளிகையிலிருந்து பார்வையைக் கிராமத்துக்குத் திருப்பியவர்களில் முதலாமவர் ஆனந்த குமாரசுவாமி. கனிமவியல் ஆய்வுக்காக ஊர் ஊராக நடந்த அந்த நிலவியலாளர், 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். தச்சர், கொல்லர், பாய் நெசவாளர், லாக்கர் வேலைக்காரர் என்று வேலை செய்யும் கைகளிலிருந்து ஒரு சமூகத்தின் கட்டடத்தைப் புரிந்துகொள்ளும் வழியை அந்நூல் திறந்தது. அவ்வழியில் வெகுதூரம் நடந்தவர் ஒரு கண்டிப் பெண்.

மினெட் டி சில்வா 1918 இல் கண்டியில் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி. தாய் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். பம்பாயிலும் லண்டனிலும் கட்டடக்கலை படித்து, 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் ஆனார். கண்டி மலைச்சரிவில் அவர் கட்டிய கருணாரத்ன இல்லம் 1951 இல் முடிந்தது. சரிவை வெட்டித் தட்டையாக்காமல் தரையோடு சேர்ந்து தளங்கள் ஏறி இறங்கும் வீடு அது. ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியம் உள்ளே இருக்கிறது. தும்பறைப் பாய் நெசவையும் லாக்கர் வேலையையும் சுடுமண் ஓட்டையும் தன் வீடுகளில் கொங்கிரீட்டோடு சேர்த்து வைத்தார். அருங்காட்சியகப் பொருளாகிக்கொண்டிருந்த கைவேலைக்குத் தினசரி வேலை கொடுப்பதே அவர் நோக்கம். இதை அவர் நவீன வட்டாரக் கட்டடக்கலை என்று அழைத்தார். மேற்கத்தியப் பேராசிரியர்கள் அதே கருத்தைக் கோட்பாடாக்கிப் புகழ்பெறுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்னதாக!

ஆனாலும் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது அவருடைய தனி வீடுகளை அன்று என்பது என் கருத்து. 1950களின் பிற்பாதியில் அவர் கண்டியின் வத்தப்புளுவவில் அரச ஊழியர்களுக்காக வடிவமைத்த, ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட திட்டத்தையே நான் காட்டுவேன். வெவ்வேறு இன, மத, வருமானக் குடும்பங்கள் ஒரே குடியிருப்பில் வாழப்போகிற திட்டம். கோடு கிழிப்பதற்கு முன் அவர் வருங்காலக் குடியிருப்பாளர்களிடம் வினாப்பத்திரம் கொடுத்தார். வீட்டில் எத்தனை பேர், என்ன தேவை, கையில் எவ்வளவு பணம் என்று கேட்டார். பதில்களிலிருந்து வீட்டு மாதிரிகளை உருவாக்கினார். குடியிருப்போர் பங்கேற்பு என்று இன்று பாடத்திட்டங்களில் பெரிய எழுத்தில் போடுவதை அவர் அன்றே செய்துவிட்டார். மக்கள் நாளாவட்டத்தில் அந்த வீடுகளை நீட்டியும் மாற்றியும் கொண்டதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. நல்ல கேள்வியில் பிறந்த வீடு பின்னால் வரும் பதில்களுக்கும் இடம் விட்டிருக்கும்.

1998 இல் அவர் இறந்தார். அவருடைய அலுவலகமும் இல்லமுமான சென் ஜோர்ஜஸ், ஏரிக்கு மேலே பாழடைந்து போனது. அண்மைக் காலத்தில் உலகம் அவரை மறுபடி கண்டெடுத்திருக்கிறது: ஷிரோமி பின்ரோ 2019 இல் அவரை வைத்து நாவல் எழுதினார், 2022 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தெற்காசியக் கண்காட்சியில் அவர் பணிகள் இடம்பெற்றன. மகிழ்ச்சிதான். ஆனால் கண்டி நகரில் அவர் கட்டியவற்றின் நிலை அந்தக் கண்காட்சிச் சுவர்களிலிருந்து தெரியாது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தை இங்கே விரைவாகவே கடக்கிறேன், அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வரைந்த திட்டம், ஷேர்லி டி அல்விஸின் கட்டடங்கள், பின்னணியில் ஹந்தானை மலை. இராமநாதன் மண்டபத்திலும் அருணாசலம் மண்டபத்திலும் தங்கிப் படித்த தலைமுறைகளைக் கேட்டால், நடந்து திரிந்த அந்த நீண்ட கூரை நடைகளையும் மரநிழலையுமே முதலில் சொல்வார்கள்.

இலங்கையில் கட்டடக்கலைக் கல்வி 1961 இல், இன்று மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தையில், தொடங்கியது. அதே பத்தாண்டில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வட்டத்தில் பார்பரா சன்சோனி, உல்ரிக் பிளெஸ்னர், லகி சேனாநாயக்க முதலியோர் வளவு எனப்படும் பழைய பிரபுக்கள் வீடுகளையும் விகாரைகளையும் வழிப்போக்கர் தங்கும் அம்பலங்களையும் அளந்து வரைந்தார்கள். அந்தப் பணியின் விளைவு 1998 இல் பெரிய நூலாக வந்தது. அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு ஒரு பழைய வீட்டில் இரண்டு நாள் நின்றவருக்குக் கிடைக்கும் அறிவு, ஜூரியின் முன் வைக்கும் எந்தப் பளபளப்பான படத்திலும் கிடைக்காது.

யப்பானில் இப்படி அளந்து வரையும் வேலை ஓர் இயக்கமாகவே நடந்தது. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ அழிந்தபோது, மக்கள் தகரத்தையும் பலகையையும் வைத்துக் கட்டிக்கொண்ட கொட்டகைகளைக் கோன் வஜிரோ வரைந்து திரிந்தார். 1925 இல் கின்சா தெருவில் நின்று போவோர் வருவோரின் உடுப்பையும் நடையையும் எண்ணினார். 1960களில் மியாவாக்கி மயுமி ஹோசெய் பல்கலைக்கழக மாணவர்களைப் பழைய ஊர்களுக்கு அழைத்துச் சென்று தெருத் தெருவாக அளக்க வைத்தார். 2001 இல் கைஜிமா, குரோதா, சுகமோட்டோ மூவரும் வெளியிட்ட டோக்கியோ கையேடு, யாரும் கட்டடக்கலை என்று மதிக்காத கலப்புக் கட்டடங்களைத் தேடிப் பதிந்தது. இந்த மரபில் வந்த மாணவர்கள் திரும்பத் திரும்ப வரைகிற ஓரிடம் எங்கவா: பாய் விரித்த அறைக்கும் தோட்டத்துக்கும் இடையே கிடக்கும் பலகைத் தாழ்வாரம். வீடும் அன்று, வெளியும் அன்று. நம் திண்ணையும் கண்டி வீட்டின் பிலவும் அதே வேலையைச் செய்பவை. டச்சுச் சொல்லில் வேர்விட்டு மலையகத் தமிழில் வாழும் இஸ்தோப்பும் அப்படித்தான்.

இஸ்தோப்பு என்றதும் கண்டிச் சுற்றயலில் யாருக்கும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் ஞாபகம் வரும். வளவுக்கும் விகாரைக்கும் கிடைத்த அளவுநாடா ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவ வரிசைகளுக்கு மிகக் குறைவாகவே நீண்டிருக்கிறது. 1820களில் கோப்பித் தோட்டத்தோடு தொடங்கி, 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட பிறகு மலையெங்கும் பரவிய வடிவம் அது. 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. கம்பனி வரைந்தது இவ்வளவுதான். மிச்சத்தை மக்கள் வரைந்தார்கள். இஸ்தோப்பில் பாதியை மறித்துக் குசினியாக்கினார்கள். மறு பாதி பிள்ளைகள் படிக்கவும், கிழவர் படுக்கவும், மழைநாளில் உடுப்பு உலரவும் ஆனது. பீலிக்கரை பெண்களின் பேச்சிடமானது. பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்க வெட்டிய பிரட்டுக்களம் ஒருபுறம். மாசி, பங்குனியில் காமன் கூத்து ஆடும் பொட்டல் மறுபுறம். ஒன்று துரை கொடுத்த பொதுவெளி, மற்றது சனங்கள் எடுத்துக்கொண்டது.

லயத்தை அழகென்று சொல்ல வரவில்லை. புகையும் ஈரமும் நெருக்கமும் தலைமுறைகளின் உடம்பைத் தின்ற இடம் அது. காலடி மண்ணுக்கு உறுதி இல்லாமல் வாழ்ந்த இடம். ஆகவே தனி வீடும் 7 பேர்ச் காணியும் என்ற கோரிக்கை முழு நியாயம். இந்திய உதவியில் மலையகத்தில் எழுந்துவரும் 550 சதுர அடி வீடுகள் அந்த நியாயத்தின் தொடக்கம். என் கவலை வேறு. சரிந்து விழக்கூடிய மலையில் ஒரே மாதிரி வீட்டை வரிசையாக அச்சடித்து வைக்கும்போது, இஸ்தோப்பும் வாசலும் சேர்ந்து செய்த வேலையை யார் செய்வது? கல்யாணப் பந்தல் எங்கே போடுவது? வேலைக்குப் போன தாய் வரும்வரை பக்கத்து வீட்டு ஆச்சி பிள்ளையைப் பார்த்துக்கொண்டது இரு கதவுகளுக்கும் இடையே சுவரில்லாத ஆறு அடியில் அல்லவா?

நகருக்குள்ளும் இதே கேள்வி காத்திருக்கிறது. தலதா மாளிகையில் 1998 ஜனவரியில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் அதன் முன்வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. காவலுக்காக மூடிய தெரு நடப்பவர்களின் தெருவாகிப் போனது. 1876 இல் கட்டிய போகம்பறைச் சிறை 2014 இல் வெறுமையானது. நகரின் நடுவில் அவ்வளவு பெரிய மதிலுக்குள் என்ன வரவேண்டும் என்பதைவிடக் கனமான பயிற்சி வடிவமைப்பு மாணவருக்குக் கிடைக்காது. எசல பெரஹராவின் இரவுகளில், காலையிலிருந்தே பாய் விரித்து இடம்பிடித்த குடும்பங்களால் நடைபாதை முழுவதும் ஒரு நீண்ட திண்ணையாகிவிடும். அந்த இரவுகளில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு மாணவர் குழு தெருத்தெருவாக வரைந்தால், கண்டியின் பொதுவெளி பற்றி நான் படிக்க விரும்பும் ஆவணம் அதுவே.

அதற்கு அடுத்ததாக, மினெட்டின் வினாப்பத்திரம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டு யாராவது ஹந்தானைக்கு ஏற வேண்டும். விறகை எங்கே அடுக்குகிறீர்கள்? பூச்சட்டி எந்தப் பக்கம்? மழை அடித்தால் எந்தச் சுவர் முதலில் நனைகிறது? இழவுக்கு வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருடைய இஸ்தோப்பில் கூடுவீர்கள்?